ஆச்சியின் வளவும் கைத்தொலைபேசிச் சித்திரப் பாடமும்

தொண்டைமானாறு என்றதும் செல்வச்சந்நிதி முருகன் கோயில் பலருக்கு நினைவில் வரும். பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர்களுக்கோ வெளிக்கள நிலையம் நினைவில் வரும். உயர்தர மாணவருக்கென அது நடத்தும் பரீட்சைகளின் பெயர் வடக்கெங்கும் தெரிந்தது. களத்தில் இறங்கிப் பார்த்துப் படிப்பது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அதே ஊரில் இருந்துகொண்டு, கைத்தொலைபேசித் திரைக்குள் சித்திரப் பாடம் நடத்த நாம் புறப்பட்டோம். முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது.

இந்த யோசனை எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்புக்கு வந்தன. கணிதமும் விஞ்ஞானமும் ஒருவாறு நடந்தன. சித்திரம், சங்கீதம் போன்றவை ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒதுக்கப்பட்டன. வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி. அதுவும் விடியவே தகப்பனோடு தோட்டத்துக்குப் போய்விடும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு. ஆனால், பார்த்துக்கொண்டிருப்பது வேறு, கீறுவது வேறு. பாடசாலைகள் திறந்த பிறகும் இந்தக் குறை தீரவில்லை. ஆகவே, பிள்ளையும் பங்கெடுக்கக்கூடிய பாடமொன்றை ஆக்கிப் பார்ப்போம் என்று துணிந்தோம்.

முதலில் பூச்சாடி ஒன்றைக் கீறிக் காட்டும் இருபது நிமிட வீடியோவை அனுப்பினோம். பாதிப் பேருக்கு அது இறங்கவேயில்லை; டேட்டா முடிந்துவிட்டது. இறங்கியவர்கள் அனைவரும் ஒரே பூச்சாடியைத் திருப்பி அனுப்பினார்கள். வெட்கமாக இருந்தது. இருபது நிமிடம் நாமே கீறியிருக்கிறோம். பிள்ளைகள் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது முறை, “உங்கள் சொந்த ஊரைக் கீறுங்கள்” என்றோம். பலாலிப் பக்கத்திலிருந்து 1990இல் எழும்பிய குடும்பமொன்றின் பேரப்பிள்ளை வெறும் வானத்தையும் ஓர் ஆகாயவிமானத்தையும் கீறி அனுப்பினான். நிலமே இல்லை. அவனில் பிழை காண முடியுமா? 2019 ஒக்ரோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது அவன் சின்னப் பிள்ளை. பாட்டனாரின் ஊரைப்பற்றி அவன் கண்ணால் கண்டது அங்கிருந்து எழும்பும் விமானத்தைத்தான். காணாததைக் கீறச் சொன்னது எமது பிழை. அந்தக் கேள்வி கண்டவர்களிடம் போயிருக்க வேண்டும்.

அங்கிருந்துதான் பாடம் திரும்பியது. வீடியோவை விட்டோம். ஒரு நிமிடத்துக்கு மேற்படாத குரற்பதிவுகள் மூன்று. அதற்கு டேட்டா மிகக் குறைவு, தகப்பன் தோட்டத்தால் வந்த பிறகு இரவிலும் கேட்கலாம். ஒவ்வொரு பதிவிலும் ஒரேயொரு வேலை. முதலாவது: “ஆச்சியிடம் போய், படலையால் உள்ளே வந்தால் முதலில் என்ன தெரியும் என்று கேள். அதை மட்டும் கீறு.” அதோடு பதிவு நின்றுவிடும். படம் வந்து சேர்ந்த பிறகே இரண்டாவது பதிவு போகும்: “குசினியிலிருந்து கிணற்றுக்கு எத்தனை எட்டு?” மூன்றாவது வேலி: எந்தப் பக்கம் பூவரசு, எந்தப் பக்கம் கிளுவை, வேலிக்கு அப்பால் யார் இருந்தார்கள்.

எட்டுக் கணக்குத்தான் எம்மை அசைத்தது. ஓர் ஆச்சி, “கிணத்துக்கு முப்பது எட்டு இருக்கும்” என்றிருக்கிறார். பேத்தி தாங்கள் இப்போது இருக்கும் வீட்டுக் குசினியிலிருந்து எண்ணி நடந்தாள். பதினோராவது எட்டில் அயல்வீட்டுச் சுவர் வந்துவிட்டது. பிறகு ஒழுங்கையில் இறங்கி முப்பதையும் நடந்து முடித்துவிட்டு, “அவ்வளவு பெரிய வளவா?” என்று குரற்பதிவு போட்டாள். ஓர் எட்டுக்கு ஒரு விரல் அகலம் என்று தாளில் குறிக்கச் சொன்னோம். தாள் போதாமல் இரண்டாவது தாளை ஒட்டினாள். அளவுத்திட்டம் என்ற பாடத்தை அதைவிட நன்றாக எம்மால் படிப்பித்திருக்க முடியாது.

இதற்கு முன்மாதிரி ஒன்றும் எம்மிடையே உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், முற்றுப்பெறாத தோம்பு எனப் பொருள்படும் பெயரில் 2011இல் ஒரு நூலை ஆக்கினார். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் தாம் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து கீறிய தளப்படங்களே அந்நூலின் அடிப்படை. கீறியவர்கள் ஓவியம் பயின்றவர்கள் அல்லர், உங்களையும் எம்மையும் போன்றவர்கள். எங்கே அறை, எங்கே கிணறு என்று அவர்கள் போட்ட கோடுகளைக் கலையாகவும் சாட்சியாகவும் கொள்ளலாம் என்பதை அந்நூல் காட்டியது.

பிள்ளையின் படத்துக்கு எப்படிப் பதில் அனுப்புவது என்பதைப் பிள்ளைகளிடமே படித்தோம். புள்ளி போட்ட கிழமை படங்கள் குறைந்தன. கேள்வி கேட்ட கிழமை கூடின. “மாட்டுக்கொட்டில் எந்தத் திசையைப் பார்த்தது?” என்று கேட்டால் பிள்ளை மறுபடியும் ஆச்சியிடம் ஓடும். மரங்களைப் படுக்கப்போட்டது போலக் கீறுகிறார்களே என்று ஓர் ஆசிரியர் குறைப்பட்டார். மேலிருந்து பார்த்த வளவும் பக்கத்திலிருந்து பார்த்த மரமும் ஒரே தாளில் வருவது பழைய வரைபடங்களிலும் உண்டு. திருத்த வேண்டாம் என்றோம். அயலவராயிருந்த இரு குடும்பங்களின் பிள்ளைகள் படங்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் வேலிக்கு அப்பால் மற்றவர் கீறியபோது ஒரு முழு ஒழுங்கையே உருவாகியது. (அதில் முருங்கை யாருடைய பக்கம் நின்றது என்று இரண்டு அப்புமார் தொலைபேசியில் வாக்குவாதப்பட்டது வேறு கதை. பிள்ளைகள் மரத்தை வேலியின் நடுவில் வைத்துவிட்டார்கள்.)

வர்ணப்பெட்டி வாங்க வசதியில்லை என்று எவரும் பின்நிற்க வேண்டாம். 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அந்தக் காலத்தை நாமும் கடந்தோம். கரி, மஞ்சள், செங்கட்டித் தூள், வேப்பம்பிசின் கரைத்த நீரில் குழைத்த செம்பாட்டு மண் போதும். செம்பாட்டு நிறம் கடைப்பெட்டியில் கிடைப்பதுமில்லை. படத்தை அனுப்பும்போது வாசலில், பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே தொலைபேசியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. காணி உறுதியைப் படமெடுத்துக் குழுவில் போடாதீர்கள். உறுதி இலக்கம், அடையாள அட்டை, பிள்ளையின் முகம் ஒன்றும் வேண்டாம். பிள்ளையின் படம் உறுதிக்கு ஈடாகாது. அதைக் கொண்டுபோய் எந்தக் கந்தோரிலும் எல்லை பேச முடியாது. ஆனால், 2015 மார்ச்சில் வளலாய்ப் பக்கம் காணிகள் விடப்பட்டபோது, வீடும் வேலியும் தரைமட்டமாகிப் பற்றை மூடிக்கிடக்க, கிணற்றை வைத்தே தம் வளவைக் கண்டுபிடித்தவர்களை நாம் அறிவோம். கிணறு எங்கே என்று தெரிந்தவர் கூட இருந்ததால் அது முடிந்தது. வலிகாமம் வடக்கில் இன்னமும் விடப்படாத காணிகள் உண்டு. 1990இல் முப்பது வயதாயிருந்தவர் இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டார்.

ஆகவே இந்தப் பாடத்தில் உங்களுக்கு வேலை இருக்கிறது. பேரப்பிள்ளை தாளும் கரியுமாக வந்து கேட்டால், “அதெல்லாம் இப்ப ஏன்” என்று திருப்பி அனுப்பாதீர்கள். நினைவில்லாத இடத்தை நினைவில்லை என்றே சொல்லுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறோம். முப்பது எட்டு நடந்த பிள்ளையின் தாளில் கிணற்றுக்குத் தெற்கே அப்படியொரு வெறுமை இருந்தது. ஒரு மாதம் கழித்து, ஆச்சி இரவில் எழுப்பிச் சொன்னாராம், அது புகையிலைக் கொட்டில் என்று.