துறையிடை நலவியல் கல்வி வள நூலகம்

துறையிடை நலவியல் கல்வி வள நூலகம் என்பது மருத்துவர், செவிலியர் (தாதியர்), மருந்தாளுநர், பல் மருத்துவர், இயன்முறை மருத்துவர், சமூகப் பணியாளர் முதலிய வெவ்வேறு நலவியல் துறையினர் ஒன்றாகக் கற்பதற்கும் ஒன்றாகப் பணியாற்றுவதற்கும் உதவும் பாட வளங்களைத் தொகுத்து, இணையத்தின் வழியே பலரும் பகிர்ந்து பயன்படுத்துமாறு வைத்திருக்கும் எண்ணிம நூலகம் ஆகும். வழமையான நூலகத்தில் நூல்களும் ஆய்விதழ்களும் இருப்பது போல, இங்கு நோயாளர் நிகழ்வுக் கதைகள், பாவனைப் பயிற்சித் திட்டங்கள், நிகழ்படங்கள், மதிப்பீட்டுப் படிவங்கள், ஆசிரியர் கையேடுகள் ஆகியன இடம்பெறுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 2005 இல் தொடங்கப்பட்ட மெட்எட்போர்ட்டல் இவ்வகை நூலகத்திற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

சொற்பொருள்

பல துறை மாணவர்கள் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஒரே விரிவுரையைக் கேட்பது துறையிடைக் கல்வி ஆகாது. அது பல்துறைக் கல்வி எனப்படும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறையினர் ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரைப் பற்றி ஒருவரும் கற்பதே துறையிடைக் கல்வி ஆகும். பிரித்தானியாவில் 1987 இல் உருவான துறையிடைக் கல்வி மேம்பாட்டு மையம் 2002 இல் இவ்வாறு வரையறை செய்தது. ஒத்துழைப்பையும் நோயாளருக்குக் கிடைக்கும் கவனிப்பின் தரத்தையும் உயர்த்துவதே இக்கல்வியின் நோக்கம் என்பதும் அவ்வரையறையின் பகுதியாகும்.

பின்னணி

நலவியல் துறையினர் தனித்தனிக் கல்லூரிகளில், தனித்தனிப் பாடத்திட்டங்களில் பயில்கின்றனர். ஆனால் பட்டம் பெற்ற மறுநாளே ஒரே நோயாளரின் படுக்கையருகில் சேர்ந்து பணிபுரிய வேண்டியவர்களாகின்றனர். இந்த இடைவெளி நெடுங்காலமாகவே உணரப்பட்டு வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1972 இல் நலவியல் குழுவுக்கான கல்வி குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சுவீடனின் லிங்சோப்பிங் பல்கலைக்கழகம் 1986 இல் துறையிடைக் கல்வியைத் தன் பாடத்திட்டத்தின் பகுதியாக்கியது. உலக சுகாதார அமைப்பு 1988 இல் இதுபற்றிய அறிக்கை ஒன்றையும், 2010 இல் விரிவான செயற்சட்டகம் ஒன்றையும் வெளியிட்டது.

இத்தேவையைப் பொதுமக்கள் கவனத்திற்குக் கொண்டுவந்தவை மருத்துவமனைகளில் நேர்ந்த இழப்புகளே ஆகும். தவிர்க்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் ஐக்கிய அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மருத்துவக் கழகத்தின் 1999 ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. இங்கிலாந்தின் பிரிசுட்டல் நகர மருத்துவமனையில் நடைபெற்ற குழந்தைகள் இதய அறுவைச் சிகிச்சை குறித்த பொது விசாரணையின் அறிக்கை 2001 இல் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரையான காலத்தில், அத்தகைய பிரிவொன்றில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக அங்கு இறந்தனர் என அது கண்டறிந்தது. குழுப்பணியிலும் தொடர்பாடலிலும் இருந்த குறைபாடுகளை அவ்வறிக்கை சுட்டிக்காட்டியதுடன், வெவ்வேறு துறையினர் சேர்ந்து கற்க வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. தனித்திறன் மட்டும் நோயாளரைக் காக்கப் போதாது என்பது இவற்றால் தெளிவாயிற்று.

நூலகத்தின் தேவை

துறையிடைப் பாடம் ஒன்றை உருவாக்குவது எளிதன்று. மருத்துவ ஆசிரியர் ஒருவர் எழுதும் நிகழ்வுக் கதையில் மருந்தாளுநருக்கோ செவிலியருக்கோ உண்மையான பணி எதுவும் இல்லாமற் போகலாம். எனவே ஒவ்வொரு துறையின் ஆசிரியரும் சேர்ந்து எழுதி, மாணவரிடம் சோதித்து, திருத்த வேண்டியுள்ளது. ஒவ்வொரு கல்லூரியும் இம்முயற்சியைத் தொடக்கத்திலிருந்து மேற்கொள்வதால் உழைப்பு வீணாகிறது. சிறு கல்லூரிகளில் பிற துறை ஆசிரியர்களே இல்லாத நிலையும் உண்டு. ஓரிடத்தில் உருவாக்கிச் சோதித்த பாடத்தைப் பிற இடங்களில் உள்ளோர் எடுத்துப் பயன்படுத்த வழிசெய்வதே இத்தகைய நூலகத்தின் முதன்மைப் பணியாகும்.

உள்ளடக்கம்

நூலகத்தில் உள்ள வளங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

நிகழ்வுக் கதைகள்: ஒரு நோயாளரைப் பற்றிய தகவல் துறைவாரியாகப் பிரித்துத் தரப்படும். எடுத்துக்காட்டாக, முதியவர் ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப உள்ளார் எனக் கொள்வோம். குருதி உறைவதைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்ளும் அவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்காகக் கோ-டிரைமாக்சசோல் எழுதப்பட்டுள்ளது. இவ்விரண்டும் சேர்ந்தால் குருதிக்கசிவு ஏற்படும் வாய்ப்பு மிகும் என்பதை மருந்தாளுநர் அறிவார். எழுந்து நிற்கும்போது அவருக்குத் தலை சுற்றுவதைச் செவிலியர் கண்டுள்ளார். படியேற இயலாத நிலையை இயன்முறை மருத்துவர் குறித்துள்ளார். மாடி வீட்டில் அவர் தனியே வசிப்பது சமூகப் பணியாளருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு தகவலும் தனியே பார்க்கையில் சிறியதே. ஆயினும் குருதிக்கசிவு வாய்ப்பு மிகுந்த ஒருவர் தனிமையில் கீழே விழும் இடர், நால்வரும் பேசினாலன்றி எவருக்கும் முழுமையாகப் புலப்படாது. மாணவர் கற்க வேண்டியதும் இதுவே.

தொடர்பாடற் கருவிகள்: நிலைமை, பின்புலம், மதிப்பீடு, பரிந்துரை என்னும் நான்கு படிகளில் தகவலைச் சொல்லும் முறை இவற்றுள் பரவலானது. ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் அணுவாற்றல் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றிய இம்முறை பின்னர் மருத்துவத்திற்கு வந்தது. இரவு நேரத்தில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும் செவிலியர், தயக்கமின்றித் தம் மதிப்பீட்டையும் பரிந்துரையையும் கூற இது இடமளிக்கிறது.

சரிபார்ப்புப் பட்டியல்கள்: உலக சுகாதார அமைப்பு 2008 இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் 19 கூறுகளைக் கொண்டது. குழுவினர் அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் கூறி அறிமுகம் செய்துகொள்வது அவற்றுள் ஒன்று. தில்லி உட்பட எட்டு நகரங்களில் உள்ள எட்டு மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில், பட்டியலைப் பயன்படுத்திய பின் இறப்பு வீதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது.

மதிப்பீட்டுக் கருவிகள்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவரின் மனப்பாங்கையும் குழுப்பணித் திறனையும் அளவிடும் வினாநிரல்களும் நோக்கற் படிவங்களும் இதில் அடங்கும்.

ஒழுங்கமைப்பு

வளங்களைத் தேடிக் கண்டடைவதற்குப் பொதுவான வகைப்பாடு தேவை. ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவம், எலும்புசார் மருத்துவம், செவிலியம், மருந்தியல், பல் மருத்துவம், பொதுச் சுகாதாரம் ஆகிய ஆறு துறைகளின் கல்வி அமைப்புகள் 2009 இல் துறையிடைக் கல்விக் கூட்டமைப்பை உருவாக்கின. அக்கூட்டமைப்பு 2011 இல் வெளியிட்ட அடிப்படைத் தகுதிகள் நான்கு பிரிவுகளைக் கொண்டவை:

1. மதிப்புகளும் ஒழுக்கநெறியும்
2. பணிப்பங்கும் பொறுப்பும்
3. தொடர்பாடல்
4. குழுவும் குழுப்பணியும்

இவை 2016 இலும் 2023 இலும் திருத்தப்பட்டன. ஒரு வளம் எத்தகுதியை வளர்க்கிறது, எத்துறையினருக்கு உரியது, எந்நிலை மாணவருக்கு ஏற்றது, எவ்வளவு நேரம் எடுக்கும் போன்ற விவரங்கள் வளத்துடன் சேர்த்துப் பதியப்படும்போது ஆசிரியர் தமக்குரியதை எளிதில் தெரிவு செய்ய முடிகிறது.

முக்கிய நூலகங்கள்

மெட்எட்போர்ட்டல்: அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் இதனை நடத்துகிறது. இங்கு அளிக்கப்படும் பாட வளம், ஆய்விதழ்க் கட்டுரையைப் போன்றே சக வல்லுநர் மதிப்பாய்வுக்கு உட்படுகிறது. இதனால் பாடம் உருவாக்கும் உழைப்பு, ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கு இணையான கல்விப்பணியாக மதிக்கப்பட வழி ஏற்பட்டது. 2012 இல் துறையிடைக் கல்விக் கூட்டமைப்புடன் இணைந்து துறையிடைப் பாடங்களுக்கெனத் தனித் தொகுப்பு ஒன்று இதில் உருவாக்கப்பட்டது.

துறையிடைப் பயிற்சி மற்றும் கல்விக்கான தேசிய மையம்: மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2012 இல் நிறுவப்பட்டது. அரசின் நிதியுடன் தனியார் அறக்கட்டளைகளின் நிதியும் இதற்குக் கிடைத்தது. பயனர்கள் தாம் உருவாக்கிய வளங்களைத் தாமே பதிவேற்றிப் பகிரும் பரிமாற்றத் தளம் ஒன்றை இம்மையம் அமைத்தது.

டீம்ஸ்டெப்ஸ்: ஐக்கிய அமெரிக்காவின் நலவியல் ஆய்வு மற்றும் தர முகமையும் பாதுகாப்புத் துறையும் இணைந்து 2006 இல் வெளியிட்ட குழுப்பணிப் பயிற்சித் தொகுப்பு. இதன் மூன்றாம் பதிப்பு 2023 இல் வெளிவந்தது.

உரிமங்கள்

ஒரு வளத்தைப் படிக்க முடிவதும் அதை மாற்றியமைக்க முடிவதும் ஒன்றல்ல. ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசின் படைப்புகள் பொதுவாக அந்நாட்டில் பொதுக்களத்தில் உள்ளவை. படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமம் பெற்ற வளங்களை, ஆக்கியோரைக் குறிப்பிட்டுப் பகிரலாம். ஆனால் வணிகப் பயன்பாட்டையோ, வழிப் படைப்புகளையோ தடுக்கும் உரிமங்களும் அவற்றுள் உண்டு. வழிப் படைப்பு தடுக்கப்பட்டிருப்பின் மொழிபெயர்ப்பை வெளியிடவும் தனி இசைவு பெற வேண்டும். பிற மொழியினர் கவனிக்க வேண்டிய கூறு இதுவாகும்.

சான்றுகளும் வரம்புகளும்

துறையிடைக் கல்வியின் பயன் குறித்து 2013 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, தகுதி பெற்ற 15 ஆய்வுகளைக் கருத்திற் கொண்டது. அவற்றுள் 7 நற்பயனையும், 4 கலப்பான முடிவுகளையும் காட்டின. எஞ்சிய 4 ஆய்வுகளில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. ஆய்வுகள் தம்முள் பெரிதும் வேறுபட்டிருந்தமையால் பொது முடிவுக்கு வர இயலவில்லை என மீளாய்வாளர்கள் கூறினர். ஆகவே நூலகத்தில் உள்ள ஒரு பாடம் ஓரிடத்தில் வெற்றி பெற்றது என்பதால் மட்டும் எங்கும் வெற்றி பெறும் எனக் கொள்ள முடியாது.

வேறு சில வரம்புகளும் உள்ளன. செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் உள்ள சட்ட அதிகாரம் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால் நிகழ்வுக் கதைகளை அப்படியே பெயர்த்துப் பயன்படுத்த இயலாது. மருந்தளவுகளும் சிகிச்சை வழிகாட்டல்களும் மாறுவதால் பழைய பாடங்கள் தொடர்ந்து திருத்தப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளங்களைத் தனியே அமர்ந்து படிப்பவர் அவற்றின் பயனை முழுமையாகப் பெறுவதில்லை. பிற துறையைச் சேர்ந்த ஒருவர் எதிரில் இருக்கும்போதே இப்பாடங்கள் பாடமாகின்றன. நூலகம் வழங்குவது அச்சந்திப்புக்கான கருப்பொருளை மட்டுமே.

இவற்றையும் பார்க்கவும்

நோயாளர் பாதுகாப்பு
மருத்துவக் கல்வி
திறந்த கல்வி வளங்கள்
சான்றுசார் மருத்துவம்