பிள்ளையின் கையெழுத்து



வலப்பனைப் பகுதியிலே, இராகலையையும் உடப்புசல்லாவையையும் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களில், மாலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் லயத்துக்குத் திரும்புகிறாள். இஸ்தோப்பிலே பிள்ளை குப்புறப் படுத்தபடி பாடம் எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரு முழங்கை தரையில் ஊன்றியிருக்கிறது. மறு கையிலே தேய்ந்து குட்டையான பென்சில். தாய் எட்டிப் பார்த்து, “என்னடா இது, கோழி கிளறினாற் போல?” என்கிறாள். மறுநாள் பாடசாலையில் ஆசிரியரும் அதே கருத்தைச் சிவப்பு மையினால் எழுதிவிடுகிறார்.

இருவரும் குறையைக் கண்டார்கள். குறையின் காரணத்தைத்தான் காணவில்லை. கையெழுத்து அலங்கோலமாக இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்றும், கவனமில்லாதவன் என்றும் சொல்லிவிடுவது நமக்கு எளிது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளிடத்தே பிழை மனத்தில் இல்லை. உட்காரும் விதத்திலும், பென்சிலைப் பிடிக்கும் விதத்திலும், எழுத்தைத் தொடங்கும் இடத்திலுமே இருக்கிறது. இம்மூன்றையும் வீட்டிலேயே திருத்தலாம்.

என் பிழையொன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒரு சிறுவனுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டியிருந்தேன். அவன் கூட்டற் கணக்குகள் அனைத்தும் பிழையாகவே வரும். ஒருநாள் அதே கணக்கை வாயாற் கேட்டேன். தயங்காமல் சரியான விடையைச் சொன்னான். பிறகுதான் கொப்பியை உற்றுப் பார்த்தேன். பத்தின் இடத்து எண் நூறின் இடத்துக்குக் கீழே நழுவியிருந்தது. 1 எது, 7 எது என்று அவனுக்கே தெரியவில்லை. கட்டம் போட்ட கொப்பி ஒன்றில், கட்டத்துக்கு ஓர் எண்ணாக எழுதச் செய்தேன். சில கிழமைகளில் அவன் கணக்குத் திருந்திற்று. கணக்குத் திருந்திற்று என்பதும் தவறு. அது முன்பே திருத்தமாகத்தான் இருந்தது.

“கைப்பேசியில் தட்டினால் எழுத்து வந்து விழும் இந்நாளிலே கையெழுத்து எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். நம் பிள்ளைகள் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையையும், சாதாரண தரப் பரீட்சையையும் கையால்தான் எழுதுகிறார்கள். விடைத்தாளைத் திருத்துபவர் பிள்ளையின் முகத்தை அறியார். எழுத்தை மட்டுமே அறிவார். மலையகத்தாருக்கு இதைவிட ஆழமான காரணமும் உண்டு. நம் முன்னோரின் கடன் கணக்கை ‘துண்டு’ என்னும் சீட்டிலே பிறர் எழுதினார்கள். 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும்வரை அம்முறை இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்திற்குப் பின் வந்த விண்ணப்பங்களிலும் பெருவிரல் அடையாளம் வைத்தவர் பலர். பெயரை எழுதியவர் வேறொருவர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாகக் கந்தோர் கந்தோராக அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். தன் பெயரைத் தானே தெளிவாக எழுதுவதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

இனி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலாவது இருக்கை. மேசையும் நாற்காலியும் இல்லாவிட்டால் குற்றமில்லை. அக்காலத்துக் கணக்கர்கள் தரையிற் சம்மணமிட்டு அமர்ந்து, சாய்வான மூடியுள்ள சிறு பெட்டியை முன்னே வைத்துக்கொண்டுதான் அழகாக எழுதினார்கள். ஒரு பழைய பெட்டியோ பலகையோ போதும். முழங்கை வளைந்து இயல்பாகத் தங்கும் உயரத்தில் அது இருக்கட்டும். நாற்காலியில் அமரும் பிள்ளைக்குக் கால்கள் அந்தரத்தில் தொங்கலாகாது. பாதத்தின் கீழே ஒரு கட்டையை வைத்துவிடுங்கள். படுத்துக்கொண்டு எழுதும் பிள்ளையின் உடற்பாரம் முழங்கைமேல் இறங்குகிறது. கை நகர வழியில்லை. அதனால் விரல் மட்டும் இழுபட்டு எழுத்துக் கோணுகிறது. வெளிச்சம், எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் நிழல் தாளில் விழாது.

நமது மலைநாட்டுக் குளிரையும் மறந்துவிடக் கூடாது. இராகலைப் பக்கத்தில் மார்கழி, தை மாதக் காலைகளில் விரல்கள் விறைத்துப் போகும். விறைத்த விரலால் பெரியவர்களே ஒழுங்காகக் கையொப்பமிட முடியாது. உள்ளங்கைகளைத் தேய்த்து, விரல்களை மடக்கி நீட்டிய பிறகு எழுதச் சொல்லுங்கள். அல்லது ஒரு கோப்பைத் தேநீரைச் சற்று நேரம் இரு கைகளாலும் பிடித்திருக்கட்டும். தேயிலை விளையும் நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை.

அடுத்தது பென்சிலைப் பிடிக்கும் முறை. பெருவிரலும் சுட்டுவிரலும் பற்ற, நடுவிரலின் பக்கத்தில் பென்சில் சாய்ந்திருக்க வேண்டும். பிடியும் கூர்முனைக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே இருக்க வேண்டும். பிள்ளை எழுதும்போது பென்சிலை மேற்புறமாக மெல்ல இழுத்துப் பாருங்கள். எளிதில் வந்துவிட்டால் பிடி நன்று; வராவிட்டால் பிள்ளை நெரித்துப் பிடிக்கிறது. தாளைப் புரட்டி மறுபக்கத்தைத் தடவினாலும் தெரியும். அழுத்தி எழுதிய இடங்கள் புடைத்து நிற்கும். மிகக் குட்டையான பென்சிலை வைத்துக்கொண்டு பிள்ளை திண்டாடினால், தீர்ந்த பேனையின் வெற்றுக் குழாயிலே அதைச் செருகிக் கொடுத்தால் நீளம் கிடைக்கும்.

இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றும்படி அடிப்பது பெருங்கொடுமை. தாளின் மேற்பகுதியை வலப்புறமாகச் சற்றுச் சாய்த்து வைத்தால் அப்பிள்ளை தான் எழுதுவதைத் தானே காணும். வாங்கிலே இடப்பக்க ஓரத்தில் அமரட்டும். அடுத்த பிள்ளையின் முழங்கையோடு மோதாது. காந்தியடிகள் 1909ஆம் ஆண்டில் கப்பலிலே ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலை எழுதியபோது, வலக்கை சோர்ந்ததும் இடக்கையால் ஏறத்தாழ நாற்பது பக்கங்களை எழுதினார்.

அதே காந்தியடிகள் தம் கையெழுத்து நன்றாக இல்லையென்று வாழ்நாள் முழுதும் வருந்தினார் என்பதும் நோக்கத்தக்கது. இளமையில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டதாகவும், தென்னாபிரிக்காவில் பிறருடைய அழகிய எழுத்தைக் கண்டு வெட்கமுற்றதாகவும், பின்னர் முயன்றும் திருத்த இயலவில்லை என்றும் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிக்கு முன்னர்ச் சித்திரம் வரையக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் துணிபு. இது கையாளத்தக்க யோசனை. மலையின் வளைவு, தேயிலைக் கொழுந்தின் இரு இலையும் ஒரு மொட்டும், நத்தையின் சுழி ஆகியவற்றை வரையும் விரலுக்குத் தமிழெழுத்து அந்நியமாகாது.

தமிழ் எழுத்துகளை அகரவரிசையில் திருப்பித் திருப்பி எழுதச் சொல்வதால் பயன் குறைவு. வடிவத்தால் ஒத்தவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். ‘ட’ வந்தவனுக்கு ‘ப’ வரும். ‘ப’ வந்தவனுக்கு ‘ம’வும் ‘ய’வும் தொலைவில் இல்லை. சுழியுள்ள எழுத்துகளை வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம். சுழி அடைபட்டுவிட்டால் ‘மனம்’ எது, ‘மணம்’ எது என்று தெரியாது. ‘ர’வுக்குக் கீழ்க்கால் இல்லாவிட்டால் ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகிவிடும். மேற்சுழி விடுபட்டால் ‘மீன்’ என்பது ‘மின்’ ஆகும். ‘தேன்’ என்பதும் ‘தென்’ ஆகும். ஓலைச்சுவடியிலே எகர ஏகார வேறுபாடு தெளிவாக இல்லாமையால் நேர்ந்த இடர்ப்பாட்டைக் கண்டே, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இன்றைய வடிவங்களை வகுத்தார். அன்று படித்த புலவர்களுக்கே தொல்லை தந்த இடத்தில் நம் சிறுவன் தடுமாறுவதில் வியப்பென்ன? அவன் தமிழோடு சிங்கள எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் அல்லவா கற்கிறான்!

உறுப்பெழுத்துப் பயிற்சிக்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். மூன்று எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு வரி. எழுதி முடித்ததும், “இந்த வரியில் உனக்குப் பிடித்த எழுத்து எது?” என்று கேட்டு, அதைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். அழிறப்பரைச் சற்று அப்பால் வைத்துவிடுவது நல்லது. ஓயாமல் அழிக்கும் பிள்ளை எழுதுவதைவிட அழிக்கவே பழகிக்கொள்கிறது. தண்டனையாக நூறு தடவை எழுத வைப்பது அறவே கூடாது. முதற் பத்து வரிகளுக்குப் பின் கை சோர்ந்து, மிகுதித் தொண்ணூறு வரிகளும் கெட்ட எழுத்துக்கே பயிற்சியாகும்.

சில மாதங்கள் முயன்றும் மாற்றமில்லை, சிறிது எழுதினாலே கை வலிக்கிறது, சட்டைப் பொத்தான் பூட்டவும் சிரமப்படுகிறது, அல்லது கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்குகிறது என்றால், அது கையெழுத்தின் குற்றமன்று. வைத்தியரிடம் காட்டுங்கள்.

எழுத்து ஓரளவு திருந்தியபின், பயிற்சிக்கு ஒரு பொருளும் வேண்டும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ தொழில் செய்யும் உறவினர் ஒருவருக்குப் பிள்ளையே கடிதம் எழுதட்டும். பதில் வந்து சேர வேண்டிய முகவரியையும் அதுவே எழுதட்டும். லயத்துக்கு வரும் கடிதங்கள் பல இடங்களில் தோட்டத்துக் கந்தோரிலே ஒன்றாகக் குவிந்து கிடக்கும். தகப்பன் பெயர், லய இலக்கம், டிவிசன், தோட்டம், தபாற்கந்தோர் என்று வரிக்கு ஒன்றாக, கந்தோரில் இருப்பவர் ஒரே பார்வையில் படிக்கும்படி எழுதியிருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.