கொலராடோ ஆற்றின் நூறாண்டுச் சாட்சியம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கை அறுத்தோடும் கொலராடோ ஆற்றின் அண்மைக்கால வரலாற்றுக்கு, ரயில் பாதை ஒன்றுக்காக எடுக்கப்பட்ட ஒளிப்படங்களே முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன. ஆற்றோரமாகத் தண்டவாளம் அமைக்க இயலுமா என ஆராய 1889-90ஆம் ஆண்டுகளில் படகில் சென்ற பொறியாளர் ராபர்ட் புரூஸ்டர் ஸ்டான்டன், குழுவின் ஒளிப்படக்காரர் பாறையிலிருந்து விழுந்து படுகாயமுற்றதால், கேமராவைத் தாமே ஏற்று வழிநெடுகப் படமெடுத்தார். பாதை அமையவில்லை, படங்கள் நிலைத்தன.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் ராபர்ட் வெப்பும் அவருடைய குழுவினரும் அதே இடங்களைத் தேடிச் சென்று, அதே காட்சிகளை மீண்டும் பதிவுசெய்து ஒப்பிட்டனர். மறு ஒளிப்பட முறை எனப்படும் இவ்வாய்வில், அண்மையிலுள்ள பாறையும் தொலைவிலுள்ள முகடும் பழைய படத்தில் உள்ளபடியே ஒன்றையொன்று மறைக்கும்வரை கேமரா நகர்த்தப்படுகிறது. நிழல்களின் சாய்வு பருவத்தையும் பொழுதையும் கணிக்க உதவுகிறது.

இரு படங்களையும் அருகருகே வைத்தால், ஒரே பள்ளத்தாக்கில் காலம் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்திருப்பது புலப்படும். வெள்ளம் எட்டாத சரிவுகளில் ஸ்டான்டன் பதிவுசெய்த அதே பாலைநிலப் புதர்கள் சில இன்றும் உயிருடன் நிற்பதால், அவற்றின் ஆயுள் நூறாண்டைக் கடந்தது உறுதியாயிற்று. நீரோரத்திலோ நிலைமை வேறு: பனி உருகிப் பெருகும் வெள்ளம் ஆண்டுதோறும் செடிகொடிகளை வாரிச் சென்றதால் வெறுமையாய்க் கிடந்த கரைகளை, 1963இல் மேற்பகுதியில் கிளென் கேன்யன் அணை அடைக்கப்பட்ட பின், உள்நாட்டு வில்லோக்களும் அயல்நாட்டிலிருந்து வந்த டாமரிஸ்க் புதர்களும் மூடிக்கொண்டன. வண்டலை நீர்த்தேக்கம் தடுத்துவிட்டதால், செந்நிறமாய் ஓடிய ஆறு தெளிந்தது; நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து நீர் விடப்பட்டதால் குளிர்ந்தது. அரித்துச் செல்லப்படும் மணலை ஈடுசெய்யப் புது மணல் போதாமையால் மணல்திட்டுகளும் சுருங்கின. இவற்றை மீட்கவே 1996இல் அணையிலிருந்து செயற்கை வெள்ளம் விடப்பட்டது.

பசுமை நிறைந்த இன்றைய கரையை மட்டும் காண்பவர் அதையே இயற்கை நிலை எனக் கொள்ளக்கூடும் என்பதால், எதை மீட்பது என்ற வினாவுக்குப் பழைய படமே அளவுகோலாகிறது. ஆகவே ஆறுகளைப் படமெடுப்போர் இடம், நாள், திசை ஆகியவற்றைத் தவறாமல் குறித்துவைப்பது, அடுத்த நூற்றாண்டின் ஆய்வாளருக்குச் செய்யும் அறிவியல் பணியாகும்.