எண்பத்தெட்டுக் கோவில் நடைவழி

ஜப்பான் நாட்டின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியது ஷிகோகு. மலைகளும் நெல்வயல்களும் ஆரஞ்சுத் தோட்டங்களும் நிறைந்த அத்தீவைச் சுற்றி 88 பௌத்தக் கோவில்கள் அமைந்துள்ளன. அவற்றை இணைக்கும் பாதையின் நீளம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடந்து முடிக்க ஆறு வாரங்களுக்கு மேலாகும். இக்காலத்தில் பலர் பேருந்திலும் மகிழுந்திலும் செல்கின்றனர். எனினும் நடந்தே செல்வோர் இன்றும் உளர்.

இவ்வழிச் செல்லும் அடியவரை அந்நாட்டார் 'ஹென்ரோ' என்பர். ஹைக்கூ கவிதையில் இளவேனிற் பருவத்தைக் குறிக்கும் சொற்களுள் இதுவும் ஒன்று. செர்ரி மரங்கள் பூத்து நிற்க, வெள்ளாடை அணிந்தோர் வயலோரமாக நடந்து செல்லும் காட்சி அம்மக்களின் மனத்தில் அத்துணை ஆழமாகப் பதிந்துள்ளது.

இவ்வழி கூக்காய் என்னும் துறவியின் நினைவைத் தாங்கியது. அவர் 774இல் ஷிகோகுவில் பிறந்தார். 804இல் கடல் கடந்து சீனம் சென்று, ஹுய்குவோ என்னும் ஆசானிடம் பயின்றார். தாய்நாடு திரும்பி ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவை நிறுவினார். ஹுய்குவோவின் ஆசான் அமோகவஜ்ரர். அவருடைய ஆசான் வஜ்ரபோதி. இந்த வஜ்ரபோதி தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனம் சென்றவர் ஆவார்! கூக்காய் மறைந்த பின்னர் அவருக்குக் 'கோபோ தைஷி' என்னும் சிறப்புப் பெயர் வழங்கப்பட்டது.

அடியவர் கோரைப்புல் தொப்பி அணிந்து, கையில் மரக்கோல் ஏந்திச் செல்வர். 'இருவர் உடன் நடக்கின்றனர்' என்னும் பொருளுடைய தொடர் அத்தொப்பியில் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் தனியே நடந்தாலும் தைஷி உடன் வருகிறார் என்பது நம்பிக்கை. மரக்கோலே தைஷியாகக் கருதப்படுகிறது. ஆகவே, மாலையில் விடுதியை அடைந்ததும் தம் கால்களைக் கழுவுமுன் கோலின் அடியைக் கழுவுவர். பாலத்தின்மீது நடக்கும்போது கோலை ஊன்றுவதில்லை. ஒருமுறை தங்குவதற்கு இடம் கிடைக்காமல் தைஷி பாலத்தின் அடியில் குளிரில் படுத்திருந்தாராம். இன்றும் அவர் அங்கே உறங்கிக்கொண்டிருந்தால் ஓசை கேட்டு விழித்துவிடுவாரே என்பது அவர்கள் கவலை.

பாதை எளியதன்று. 11ஆம் கோவிலிலிருந்து 12ஆம் கோவிலான ஷோசான்ஜிக்குச் செல்லும் செங்குத்தான மலைவழியை 'அடியவரை உருட்டிவிடும் இடம்' என்றே அழைக்கின்றனர். 23ஆம் கோவிலுக்கும் 24ஆம் கோவிலுக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டர். பெரும்பகுதி கடற்கரையோரமாகவே நடக்க வேண்டும். இவ்வாறு களைத்து வருவோரை ஊர்மக்கள் எதிர்கொண்டு தேநீரோ ஆரஞ்சுப் பழமோ சில நாணயங்களோ அளிப்பர். இவ்வழக்கத்தின் பெயர் 'ஒசெத்தாய்'. கொடுப்பதை மறுத்தல் முறையன்று. அடியவர் கைகூப்பி ஏற்றுக்கொண்டு, தம் பெயர் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுப்பர். அடியவருக்கு அளிப்பது தைஷிக்கே அளிப்பதாகும். நடக்க இயலாத முதியவரும் இவ்வாறு அப்பயணத்தில் பங்குகொள்கின்றனர்.

இவ்வழியின் முதல் அடியவராகச் சொல்லப்படுபவரோ கொடுக்க மறுத்த ஒருவர்! எமோன் சபுரோ என்னும் செல்வர், தம் வாயிலில் வந்து நின்ற துறவியைப் பலமுறை விரட்டினார். இறுதியில் அவருடைய பிச்சைப் பாத்திரத்தை அடித்து உடைத்தார். அது எட்டுத் துண்டுகளாயிற்று. அதன்பின் அவருடைய எட்டு மக்களும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். வந்தவர் தைஷி என்பதை உணர்ந்த அவர், மன்னிப்பு வேண்டித் தீவை இருபது முறை சுற்றியும் அவரைக் காணவில்லை. இருபத்தொன்றாம் முறை எதிர்த்திசையில் நடந்தார். ஷோசான்ஜி மலையில் உயிர் பிரியும் வேளையில் தைஷி தோன்றி, அவர் கையில் ஒரு கல்லை வைத்தாராம். பின்னர் ஒரு செல்வக் குடியில் பிறந்த குழந்தையின் மூடிய கைக்குள் அக்கல் இருந்தது என்று கதை முடிகிறது. 51ஆம் கோவிலின் பெயரான இஷிதேஜி என்பதற்குக் 'கல்கைக் கோவில்' என்பதே பொருள்.

பண்டைக் காலத்தில் நடந்தோர் அனைவரும் வீடு திரும்பியவர் அல்லர். வெள்ளாடை பிணத்துக்கு உடுத்தும் ஆடையுமாகும். வழியில் இறந்தவரின் கல்லறைக்கு அவருடைய கோலே அடையாளமாக நடப்பட்டது. தொழுநோய் கண்டமையால் வீட்டையும் ஊரையும் இழந்தவர்கள், போக்கிடமின்றி இவ்வட்டப் பாதையிலேயே சுற்றிச் சுற்றி நடந்தனர். அவர்களை உயிரோடு வைத்திருந்தது முன்பின் அறியாத ஊரார் இட்ட உணவேயாகும்.

88ஆம் கோவிலான ஓகுபோஜியை அடைந்தோருள் பலர், நன்றி கூறுவதற்காகக் கடல் கடந்து கோயா மலைக்குச் செல்வர். 835இல் கூக்காய் மறைந்தது அங்கேதான். ஆனால், அவர் இறக்கவில்லை, தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அடியவர் நம்பிக்கை. அங்குள்ள துறவியர் அவருக்காக நாள்தோறும் இருமுறை உணவு சமைத்து, மரப்பெட்டியில் வைத்துச் சுமந்து செல்கின்றனர்.