ஒரே இழையில் நெட், டிவி, போன்: கரண்ட் போனால் என்ன ஆகும்?

“நூறு எம்.பி.பி.எஸ். பிளான் போட்டும் பெட்ரூம்ல வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு.” “கரண்ட் போனா நெட்டோட சேர்ந்து லேண்ட்லைனும் செத்துப்போயிடுது.” ஃபைபர் இணைப்பு வாங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல்கள் இவை இரண்டும்.

இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி என மூன்றுக்கும் தனித்தனியாக மூன்று ஒயர் இழுத்த காலம் போய்விட்டது. இப்போது வீட்டுக்குள் வருவது ஒரே ஒரு கண்ணாடி இழை. மாதம் ஒரே பில். வசதிதான். ஆனால், புலம்பல்கள் இரண்டுக்கும் பெரும்பாலும் அந்த இழை காரணமல்ல. இழையின் இரு முனைகளிலும் என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கண்ணாடிக்குள் என்ன ஓடுகிறது?

பழைய லேண்ட்லைன் ஒயர் செம்பு. அதில் ஓடுவது மின்சாரம். ஃபைபரில் ஓடுவது வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியின் மினுக்கல்களாகத்தான் தகவல் போகிறது.

இழையின் மொத்தத் தடிமன் 125 மைக்ரோமீட்டர். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அளவு. அதிலும் ஒளி பயணிக்கும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் மட்டுமே. உள்ளே இருக்கும் கண்ணாடியும் அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடியும் ஒளியைக் கையாளும் விதத்தில் லேசாக வேறுபடுகின்றன. அந்தச் சிறு வேறுபாடுதான் ஒளியை வெளியே கசியவிடாமல் உள்ளேயே ஓட்டிச் செல்கிறது.

இது சாத்தியம் என்று 1966-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் சொன்னவர்கள் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்ஹாம். அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீட்டர் தூரத்திலேயே மங்கிவிடும். ‘கண்ணாடியைச் சுத்தமாக்கினால் போதும்’ என்பதுதான் அவர்களுடைய வாதம். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன விஞ்ஞானிகள் அதைச் செய்து காட்டினார்கள். காவ் 2009-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஏறத்தாழ பாதி ஒளி மிஞ்சுகிறது.

செம்புக் கம்பியில் இது நடக்காது. பழைய பிராட்பேண்டில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் சரிந்துகொண்டே வரும். ஃபைபரில், ஓரிரு கிலோமீட்டர் கூடுதல் தூரத்தால் வேகத்தில் வித்தியாசமே தெரியாது.

ஒரு இழை, எத்தனை வீடு?

‘நம் வீட்டுக்கென்று தனி ஃபைபர்’ என்று பலரும் நினைக்கிறார்கள். கடைசித் துண்டு மட்டும்தான் தனி.

நிறுவனத்தின் அலுவலகத்தில் ஓ.எல்.டி. என்ற கருவி இருக்கும். அதிலிருந்து கிளம்பும் ஓர் இழை, தெருவில் கம்பத்திலோ சுவரிலோ இருக்கும் சின்னப் பெட்டிக்கு வருகிறது. அங்கே ‘ஸ்ப்ளிட்டர்’ அந்த ஒளியை 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு வீட்டுக்குப் போகிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை, அதுவும் கண்ணாடிதான். வீட்டுக்குள் ஒளியை மீண்டும் மின் சைகையாக மாற்றும் பெட்டியின் பெயர் ஓ.என்.டி. பேச்சுவழக்கில் எல்லோரும் ‘மோடம்’ என்றே சொல்கிறார்கள்.

பரவலாகப் பயன்படும் ஜிபான் தொழில்நுட்பத்தில் ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு, வீடுகளை நோக்கி நொடிக்கு 2.488 ஜிகாபிட், வீடுகளிலிருந்து திரும்ப 1.244 ஜிகாபிட். இதை 64 வீடுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 40 மெகாபிட்கூட வராது. 32 வீடு என்றால் 78-ஐ ஒட்டி வரும். அப்படியிருந்தும் 100 மெகாபிட் பிளானை விற்க முடிவதற்குக் காரணம், எல்லா வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் கேட்பதில்லை.

காலையில் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் மாடி வீட்டில் தண்ணீர் மெலியும் அல்லவா? அதே கணக்குதான். இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் வேகம் இறங்குகிறது என்றால், ஸ்ப்ளிட்டரில் நெரிசல் இருக்கலாம். அல்லது உள்ளூர் ஆபரேட்டர் வெளியுலகத்தோடு வைத்திருக்கும் இணைப்பு போதாமல் இருக்கலாம். நாள் முழுக்க, அதுவும் ஒரே ஓர் அறையில் மட்டும் வேகம் குறைவு என்றால் காரணம் வேறு.

பெட்ரூமில் ஏன் சுற்றுகிறது?

காரணம் வைஃபை. கண்ணாடி இழை ஓ.என்.டி. பெட்டியோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கைபேசி வரையிலான பத்து மீட்டரும் ரேடியோ அலை. இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ, ஒரு ஃபிரிட்ஜ் குறுக்கே வந்தால் அலை மெலிந்துவிடும்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் கிடைக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் மெதுவானது. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு வைஃபைகளும் அதிலேயே முட்டிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 மட்டும் உள்ள மலிவான பெட்டியை மாட்டிவிட்டுப் போனால், 200 மெகாபிட் பிளான் போட்டும் பயனில்லை.

பிரச்சினை எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் நேரடியாகப் பெட்டியில் செருகி வேகத்தைப் பார்க்க வேண்டும். அதில் சரியாக வந்து, கைபேசியில் வரவில்லை என்றால் நிறுவனத்தைத் திட்டுவதில் அர்த்தமில்லை. பெட்டியை வீட்டின் நடுவே, உயரமான இடத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எம்.பி.பி.எஸ். என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது (டாக்டர் படிப்பைச் சொல்லவில்லை). பிளானில் சொல்வது மெகாபிட். ஃபைல் அளவில் இருப்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக, 100 மெகாபிட் வேகத்தில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 2 ஜி.பி. படம் இறங்க 160 நொடி ஆகும்.

டிவி எப்படி வருகிறது?

‘ஃபைபர் டிவி’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு முறைகள் இருக்கின்றன.

முதலாவது, கேபிள் டிவி சிக்னலையே ஒளியாக்கி அனுப்புவது. ஜிபானில் இணையம் வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டர் ஒளியில், வீட்டிலிருந்து திரும்பப் போவது 1310-ல், டிவிக்கு 1550. மூன்று நிறங்கள் ஒரே கண்ணாடிக்குள் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன. இந்த முறையில் நெட் படுத்தாலும் சில சமயம் டிவி ஓடும்.

இரண்டாவது ஐ.பி.டிவி. சேனல்கள் இணையத் தகவலின் வடிவிலேயே, ஆனால் நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள் தனிப் பாதையில் வரும். மூன்றாவது, செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கும் செயலி வழியே, பொது இணையத்தில் வருவது. கிரிக்கெட் நேரத்தில் வித்தியாசம் தெரியும்: பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கைதட்டிய பிறகுதான் செயலித் திரையில் பந்து பறக்கும்.

எந்த முறை என்பதைக் கேட்டுக்கொள்வது ஏன் முக்கியம்? மூன்றாவது முறையில் டிவி பார்ப்பதும் டேட்டா கணக்கில் சேரலாம். பல ‘அன்லிமிடெட்’ பிளான்களில் மாதத்துக்கு 3,300 ஜி.பி. என்ற எல்லை சிறிய எழுத்தில் இருக்கிறது. சாதாரணக் குடும்பத்துக்கு இது தாராளம். ஆனாலும், எல்லை இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

லேண்ட்லைன் ஏன் செத்துப்போகிறது?

இந்த மாற்றத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

பழைய செம்புக் கம்பி, குரலோடு சேர்த்து மின்சாரத்தையும் கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெரிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியே வந்துகொண்டிருக்கும். தெருவே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டதற்குக் காரணம் அதுதான். அந்த போனுக்கு வீட்டு கரண்ட் தேவைப்படவே இல்லை.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஃபைபரில் குரல் இணையத் தகவலாக மாறி வருகிறது. அதற்கு ஆகும் அளவு சொற்பம். நொடிக்கு 100 கிலோபிட்டுக்கும் குறைவு. ஆனால் அதை மீண்டும் குரலாக்கும் ஓ.என்.டி. பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் பெட்டி அணையும். நெட், டிவி, போன் மூன்றும் ஒரே நொடியில் போகும். முன்பு எக்ஸ்சேஞ்சின் பொறுப்பாக இருந்த பேட்டரி, சத்தமில்லாமல் வீட்டுக்காரர் தலைக்கு வந்துவிட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைத் தாக்கியபோது பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் சிக்னலும் பல இடங்களில் தடுமாறியது. அப்படிப்பட்ட நேரத்தில் 108-க்கோ 112-க்கோ அழைக்க வேண்டிய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்க, ஊரில் தனியாக இருக்கும் அப்பா, அம்மாவுக்கு லேண்ட்லைன்தான் பழக்கம். அவர்கள் வீட்டில் செம்பு இணைப்பை மாற்றி ஃபைபர் போடும்போது, இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருக்கும் வாடிக்கையாளர், மின்தடையிலும் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு அவசர எண்ணை அழைக்க நிறுவனம் வழிசெய்து தர வேண்டும். இங்கே அந்த ஏற்பாட்டை வீட்டில் இருப்பவர்களே செய்துகொள்வதுதான் பாதுகாப்பு.

செலவு பெரிதல்ல. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், ஓ.என்.டி. பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் மாட்டினால் போதும். இல்லையென்றால் ‘மினி யு.பி.எஸ்.’ கடைகளில் கிடைக்கிறது. பல பெட்டிகள் 12 வோல்ட்டில், 10 வாட் அளவில் ஓடுபவை. 30 வாட் ஹவர் பேட்டரி இருந்தால் மூன்று மணி நேரம்வரை தாங்கும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும். மாற்றி மாட்டினால் பெட்டி புகைந்துவிடும். தெருவில் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லாததால், ஆபரேட்டர் அலுவலகத்தில் பேட்டரியோ ஜெனரேட்டரோ ஓடும்வரை வீட்டில் நெட்டும் போனும் ஓடும்.

சிவப்பு விளக்கு எரிந்தால்?

பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மினுங்கினால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அணைத்துப் போட்டால் சரியாகாது. எங்கோ இழை அறுந்திருக்கலாம். உயரமான லாரி இழுத்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், மரக்கிளை முறிந்து விழுந்திருக்கலாம். வீட்டுக்குள் சோபாவுக்குப் பின்னால் கேபிள் மடங்கியிருந்தாலும் இதே கதைதான். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். கழற்றிய கேபிள் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

இணைப்பு கொடுக்க வருபவரிடம் ‘பவர் எவ்வளவு காட்டுது?’ என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டி.பி.எம். வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு விட்டு விட்டு வரும்.

கையெழுத்துப் போடும் முன்

கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. ஃபைபர் வீட்டுக்குள் வரை வருகிறதா, அல்லது அடுக்குமாடியின் கீழே நின்றுவிட்டு மேலே லேன் கேபிளில் வருகிறதா? கீழே நிற்கும் என்றால் அங்கிருக்கும் ஸ்விட்ச்சுக்கும் கரண்ட் வேண்டும். பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உண்டா? பெட்டி யாருடையது, டெபாசிட் திரும்பக் கிடைக்குமா? பழைய லேண்ட்லைன் எண் அப்படியே தொடருமா? விளம்பர விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா? ரூ.399 பிளான் கையில் வரும்போது ரூ.471 ஆகிவிடும்.

பழுது சரியாகவில்லை என்றால், லைன்மேனுக்கு போன் போடுவதோடு நிறுத்தாமல், வாடிக்கையாளர் சேவை மையத்தில் பதிந்து புகார் எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு கேட்க டிராய் விதிகளில் இடம் உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘அங்கே போனாலும் செல்லாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.