கண் ஒரு வழி, குழல் ஒரு வழி

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் செய்வதெல்லாம் ஒன்றுதான். அருவியில் தலையைக் கொடுக்கிறார்கள். குளிரில் பற்கள் தாளம் போட வெளியே வருகிறார்கள். சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, மங்குஸ்தான் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். நாமும் வருஷா வருஷம் அப்படியே செய்து வந்தவர்கள்தாம். ஆனால் இந்தத் தடவை அருவிக்குப் போகுமுன் இலஞ்சியில் இறங்க வேண்டியதாயிற்று. அங்கே வசிக்கும் நம் சிநேகிதர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், "கடலைக் காட்டைப் பன்றி உழுதுவிட்டது. வந்து பாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

போய்ப் பார்த்தோம். மலையடிவாரத்தில் அவருக்கு இருப்பது இரண்டு ஏக்கர். அதில் பாதி, ஏர் பூட்டி உழுததுபோலக் கிளறிக் கிடந்தது. பக்கத்து நிலக்காரர்கள் அவருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். வேலிக் கம்பியில் மின்சாரத்தைப் பாய்ச்சிவிடு என்றார் ஒருவர். அவுட்டுக்காய் வைத்துவிடு என்றார் இன்னொருவர். பன்றி கடித்தால் வாயிலேயே வெடிக்கும் அந்தக் காயை யானையும் கடிக்கும், மாடும் கடிக்கும். கம்பியோ, ஆளையும் விலங்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டும் சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம் இருக்க, இரண்டையும் நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

மூன்றாவது யோசனை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. சுபேதாருடைய பேரனுக்குப் பதினைந்து வயது. "தாத்தா! தானாகவே மறு தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள் இருக்கிறதாமே! அதன்மேல் தூரதிருஷ்டிக் கண்ணாடி மாட்டிவிட்டால் இருட்டில்கூடக் குறி தப்பாதாமே! ஒன்று வாங்கிவிட்டால் என்ன?" என்று கேட்டான்.

சுபேதார் கோபிக்கவில்லை. உள்ளே போய் ஒரு காற்றுத் துப்பாக்கியையும், சிறிய கண்ணாடிக் குழல் ஒன்றையும் எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். "கண்ணாடியை மாட்டினால் குறி தப்பாது என்றாயே, மாட்டிக் காட்டு" என்றார். அன்று பகல் முழுவதும் நாம் அருவியை மறந்து திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

முதற் பாடம் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. "இது காற்றுத் துப்பாக்கிதானே என்று எண்ணாதே" என்றார் சுபேதார். "நீ கேட்ட ரைபிளில் முதலில் தோட்டாக் கூட்டைக் கழற்ற வேண்டும். அப்புறந்தான் பின்கதவை இழுத்து, அறைக்குள் கண்ணாலும் பார்த்து, விரலாலும் தொட வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தாயோ, உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும். கூட்டிலிருந்து அடுத்த தோட்டா ஏறி உட்கார்ந்துவிடும். காலி என்று நினைத்துக் கொண்டிருப்பாய்!"

அப்புறம் திருகாணித் துளைகளிலிருந்த எண்ணெயைத் துடைத்தார்கள். குழலைத் தாங்கும் இரண்டு வளையங்களையும் அடிப்பட்டையில் பொருத்தினார்கள். பையன் ஒரு திருகாணியை முழுப் பலத்தோடு முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனான். சுபேதார் கையைப் பிடித்து நிறுத்தினார். எதிரெதிராக, மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டுமாம். ஒரே பக்கம் இறுக்கினால் குழல் கோணிக்கொள்ளும். அளவுக்கு மீறினால் நசுங்கும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்று நான்கு அங்குலம் இடைவெளி வேண்டும். குறைந்தால், சுடும்போது பெரிய ரைபிள் பின்னுக்கு உதைத்துப் புருவத்தைப் பிளந்துவிடும்.

குழலுக்குள் தெரியும் குறுக்குக் கோடுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். இதற்கு மேனாட்டிலிருந்து கருவி எதுவும் வரவில்லை. கொத்தனாரின் ரசமட்டத்தைத் துப்பாக்கியின்மேல் வைத்தார்கள். மாமரக் கிளையில் ஒரு தூக்குக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த நூலோடு நெடுங்கோடு ஒன்றி நிற்கும்வரை குழலைத் திருப்பினார்கள்.

காற்றுத் துப்பாக்கியைப் பையன் அலட்சியமாகப் பார்த்தான். ஆனால் சுருள்வில் வைத்த காற்றுத் துப்பாக்கி பின்னுக்கும் முன்னுக்குமாக இரண்டு தடவை குலுங்கும். அதனால் கண்ணாடிக் குழலுக்கு அது பொல்லாத எமன். தானியங்கி ரைபிளிலும் இதே கதைதான். வெடித்த மருந்தின் வாயுவோ உதைப்போ பின்கதவைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வில் அதைத் திரும்ப முன்னுக்கு அறைகிறது. ஒவ்வொரு வெடிக்கும் திருகாணிகள் இந்தக் குலுக்கலைத் தாங்கியாக வேண்டும். சாதாரண ரைபிளில் பின்கதவை உருவி எடுத்துவிட்டுக் குழல் வழியே குறியைப் பார்க்கலாம். தானியங்கியில் அது எளிதல்ல. குழல் வாயில் ஒளிக்கதிர்க் கருவியைப் பொருத்தித்தான் முதல் பொருத்தம் பார்க்கிறார்கள்.

இங்கே உபாத்தியாயராகிய நமக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கண் பார்க்கும் வழி நேர்கோடு. குண்டு போகும் வழி வளைகோடு. வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படும் குண்டு 100 கெஜத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வினாடி ஆகும். அதற்குள் பூமி அதைச் சுமார் இரண்டரை அங்குலம் கீழே இழுத்துவிடும். கண்ணாடியோ குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே குழல் வாயைச் சற்றே நிமிர்த்தி, இரண்டு வழிகளும் வேண்டிய தூரத்தில் சந்திக்கும்படி செய்வதே குறி பொருத்துவது. கரும்பலகை இல்லாததால் திண்ணைச் சுவரிலேயே கரியால் படம் போட்டோம். வீட்டு அம்மாள் நம்மைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கவில்லை.

பிறகு 20 கெஜத்தில், மண்மேட்டின் முன்னால் காகிதம் கட்டினார்கள். துப்பாக்கி மணல் மூட்டையின்மேல் இருந்தது. முதல் ரவை கீழே பட்டது. பையன் உடனே திருகைத் திருப்பப் போனான். "மூன்று சுட்டபின் நடுவைப் பார். ஒவ்வொன்றையும் துரத்திக்கொண்டு போனால் பொழுது விடிந்துவிடும்!" என்றார் தாத்தா. மூன்று ரவைகளின் நடு, மையத்துக்கு ஓர் அங்குலம் கீழேயும் அரை அங்குலம் இடப்புறமும் இருந்தது. திருகின் ஒவ்வொரு 'டிக்'கும் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும் என்றால், 20 கெஜத்தில் எவ்வளவு? அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே மேலே 20 டிக், வலப்புறம் 10 டிக். பையன் மனக்கணக்காகவே சொல்லிவிட்டான். அடுத்த மூன்றும் மையத்தைச் சுற்றி விழுந்தன. பெரிய ரைபிளை முதலில் 25 கெஜத்தில் பொருத்தி, பிறகு 100 கெஜத்தில் சரிபார்ப்பார்கள். இடையிடையே குழல் ஆற வேண்டும். சூடேறிய குழல் பொய் சொல்லும்.

அதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. நல்ல கண்ணாடிக் குழல்களுக்குள் நைட்ரஜன் வாயுவை நிரப்பி மூடுகிறார்கள். உள்ளே பனி படியாது. ஆனால் வெளிப்புறத்தில் படியும் நீர்த்துளியை யார் தடுப்பது? பையன் கண்ணை வைத்தபோது குறிக்கு எதிரே ஒரே வெள்ளைப் புகைதான்.

மழைக்கு ஒதுங்கியிருந்தபோது பேச்சு செங்கோட்டைப் பக்கம் திரும்பியது. இலஞ்சியிலிருந்து அது கூப்பிடு தூரந்தானே! அவ்வூரில் பிறந்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டியில் இருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டு, தாமும் சுட்டுக்கொண்டு மாண்டார். அவருக்குப் புதுச்சேரியில் பயிற்சி அளித்தவர் வ. வே. சு. ஐயர். வாஞ்சியின் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த ப்ரௌனிங் கைத்துப்பாக்கி. அதை வகுத்த அமெரிக்கரான ஜான் ப்ரௌனிங்கே 1906-ல் விற்பனைக்கு வந்த ரெமிங்டன் தானியங்கி வேட்டை ரைபிளையும் வகுத்தவர். அவர் பெயரைத் தாங்கிய இன்னொரு வேட்டை ரைபிள் 1967-ல் வெளிவந்தது. பையன் கேட்டதும் அந்த ஜாதிதான். "வாஞ்சி துப்பாக்கியில் கண்ணாடி இருந்ததா?" என்று அவன் கேட்டான். "இல்லை. எதிரே நின்று சுட்டார். அதற்குத் தம் உயிரையும் அன்றே விலையாகக் கொடுத்தார்" என்றார் சுபேதார். பையன் வெகு நேரம் பேசவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. பையன் கேட்ட மாதிரி ரைபிளுக்குக் குடியானவருக்கு எளிதில் உரிமமும் கிட்டாது. ஆரியங்காவுக்கு அப்பால், கேரளத்தில், 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின்பேரில் உரிமம் பெற்றவர்கள் காட்டுப்பன்றியைச் சுடலாம். நம் பக்கம் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு. காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை மட்டும் சுடலாம். அதையும் வனத்துறையினரே சுட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கும் மூன்றுக்கும் இடையில் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். சுபேதாரின் நிலமோ காட்டுக்கு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை! அங்கே பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. அவருடைய மனத்தாங்கலில் நியாயம் இல்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை. நஷ்டஈட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். உபாத்தியாயரால் ஆனது அவ்வளவுதான்.

ஆயினும் பயிற்சியுள்ளவர் கையிலும் காரியம் எளிதல்ல. 2022 நவம்பரில் இதே ஜில்லாவில், கடையத்துக்கு அருகே கரடி ஒன்று மூன்று பேரைக் கடித்துக் குதறியது. மயக்க மருந்து செலுத்தி அதைப் பிடித்துக் களக்காட்டு வனத்தில் விட்டார்கள். பிறகு அந்தக் கரடி இறந்துவிட்டது. கடிபட்ட மனிதர்களும் பாவம். அந்த வாயில்லாப் பிராணியும் பாவம்.

மாலையில் மழை விட்டது. பையன் மறுபடியும் மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்தான். இந்தத் தடவை சுபேதார் காகிதத்தை ஒரு கயிற்றில் கட்டி, மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஐந்து ரவைகளில் ஒன்று ஓரத்தில் பட்டது. நான்கு மண்ணில் புதைந்தன.

"தாத்தா, ஓரத்தில் பட்டதே, அது பன்றியாக இருந்தால்?"

"குடல் கிழிந்து புதருக்குள் ஓடும். மூன்று நாள் கிடந்து சாகும். அல்லது உன் எதிரே திரும்பும்."

பையன் துப்பாக்கியைக் காலி செய்தான், கண்ணால் பார்த்தான், விரலால் தொட்டான், உறையில் போட்டுத் தாத்தாவிடம் கொடுத்தான். அன்றிரவு தகர டப்பாவையும் டார்ச் விளக்கையும் எடுத்துக்கொண்டு தாத்தாவும் பேரனும் காவல் பரணுக்குப் புறப்பட்டார்கள். நாமும் கூடப் போனோம். நள்ளிரவு வரை டப்பா அடித்ததில் தோள்பட்டை வலி இன்னும் போகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மீதியிருந்த கடலை அப்படியே இருந்தது.