அறிவுப் பல் தரும் அல்லல்

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் பெரியோர். ஆனால் புதிதாக முளைக்கும் ஒரு பல்லே நம் பேச்சை நிறுத்திவிடும் என்றால் நம்ப முடிகிறதா? பெரியதாழையில் கடல்தொழில் செய்யும் எங்கள் சித்தப்பாவுக்கு அப்படித்தான் நேர்ந்தது. கன்னம் வீங்கிற்று, வாயைத் திறக்கவே முடியவில்லை. பாட்டி கிராம்பை நசுக்கி வைத்தார்கள். கிராம்பு வலியைச் சற்று மரக்கச் செய்யும். வலியின் காரணத்தைப் போக்காது.

மனிதனுக்குரிய 32 பற்களில் கடைசியாக முளைப்பவை நான்கு கடைவாய்ப் பற்கள். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், அறிவு முதிரும் பருவத்தில் வருவதால் இவற்றுக்கு அறிவுப் பல் என்று பெயர். சிலருக்கு இவை முளைப்பதே இல்லை. தாடையில் இடம் போதாவிட்டால் பல் சாய்ந்தோ, படுத்தோ, பாதி ஈறுக்குள் புதைந்தோ நின்றுவிடும். அந்த ஈறு மடிப்பில் உணவுத் துணுக்குகள் தங்கிக் கிருமிகள் பெருகும். சித்தப்பாவின் வீக்கத்துக்கு இதுவே காரணம்.

நேராக வளர்ந்து, தொல்லை தராத அறிவுப் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. அடிக்கடி வீங்கினாலோ சொத்தையானாலோ எடுக்க நேரும். புதைந்த பல்லைக் குறடால் பிடித்து இழுத்துவிட முடியாது. முதலில் எக்ஸ்ரே எடுத்து, வேர் எப்படி நிற்கிறது என்று பார்ப்பார்கள். பின்பு மரத்துப்போக ஊசி போட்டு, ஈற்றைக் கீறி, மூடியிருக்கும் எலும்பைச் சிறிது நீக்கி, தேவையானால் பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து, தம் அறிவுப் பல்லையே வலியின்றி எடுக்கச் செய்தார்.

வலி தெரியாவிட்டாலும் இடர்கள் உண்டு. கீழ்த்தாடை எலும்பினுள் ஒரு நரம்பு ஓடுகிறது. சிலருக்கு அறிவுப் பல்லின் வேர் அதை ஒட்டியே இருக்கும். நரம்பு நசுங்கினால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பும்; அரிதாகத் திரும்பாமலும் போகலாம்.

சித்தப்பாவுக்கு நேர்ந்தது வேறு. பல்லை எடுத்த மறுநாளே பீடி பற்றவைத்தார்கள். மூன்றாம் நாள் காது வரை குத்தும் வலி! பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து மூடிபோல நிற்க வேண்டும். அதன் கீழேதான் புண் ஆறும். பீடியை உறிஞ்சியதில் அந்த உறைவு பெயர்ந்து, எலும்பு வெளியே தெரிகிறது என்றார் மருத்துவர். குழியைக் கழுவி மருந்து வைத்தார். பத்து நாள் சித்தப்பா கடலுக்குப் போகவில்லை. ஒரு பீடிக்கு வீடு முழுவதும் விலை கொடுத்தோம்.

ஆகவே தோழியரே, பெற்றோரே! பல் எடுத்ததும் மருத்துவர் வைக்கும் பஞ்சை அவர் சொல்லும் நேரம்வரை கடித்திருக்க வேண்டும். முதல் நாள் கொப்பளிக்கவோ, காறித் துப்பவோ, குழல் வைத்து உறிஞ்சவோ கூடாது. ஆறிய கஞ்சி நல்லது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மெதுவாக வாய் அலம்பலாம். காய்ச்சலோ, விழுங்க முடியாமையோ, மூச்சுத் திணறலோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எங்களுக்கு இன்னும் அறிவுப் பல் முளைக்கவில்லை. அது முளைக்கும் முன்னே அறிவு முளைத்திருக்கட்டும்!